பூட்டுப் போட்ட ஊறுகாய்ப் பெட்டி

மரியாதைக்குரிய சுரேந்தர் மாமாவுக்கு, அந்தமான் லாங் ஐலண்டிலிருந்து உங்கள் அக்கா மகள் திவ்யா எழுதுவது.

எங்கள் மீன் ஊறுகாய்க் கூடத்தை மூட வைத்தவர் நீங்கள். மற்றபடி இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும், அத்தையின் நலத்தையும், உங்கள் முதுகுவலியின் நிலையையும் அறிய ஆவலாக இருக்கிறோம். போனில் நான் என்ன எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்புகிறீர்கள். காகிதத்துக்கு அப்படி அனுப்ப முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

சமூகத் தொழில்களின் சிக்கல்களை டிசைன் திங்கிங் என்ற புது முறையால் தீர்ப்பது எப்படி என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் செலவில் வந்து எங்களுக்கு முகாம் நடத்தினீர்களே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன். முதல் படி எம்பதி, அதாவது அடுத்தவர் இடத்தில் நின்று பார்ப்பது என்றீர்கள். மீன் வெட்டும் பெண்களின் பக்கத்தில் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. அவர்கள் சொன்ன கஷ்டங்களை மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். இந்த ஊர் ஈரத்தில் சுவரில் பல்லியே வழுக்கும், சீட்டு நிற்குமா? மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் கஷ்டமெல்லாம் தரையில் கிடந்தது. சரசு அக்கா அத்தனையையும் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார். முகாமில் எங்கள் கஷ்டம் தீர்ந்த ஒரே நேரம் அதுதான்.

பிறகு போர்ட் பிளேர் டாலிகஞ்சில் எங்கள் ஊறுகாயை விற்கும் குருநாதன் அண்ணனின் கடைக்குப் போனீர்கள். அவரைக் கேட்டீர்கள், வாங்குகிறவர்களைக் கேட்டீர்கள். நடுவில் பாட்டில் கடலைத் தாண்டி எப்படிப் போகிறது என்பதை என்னிடம் மட்டும் கேட்டீர்கள். நானும் சொன்னேன். கூடையில் அடுக்கி, மேலே பழைய துப்பட்டாவைப் போட்டு, போர்ட் பிளேர் கப்பலுக்குப் போகும் தெரிந்தவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவோம். பெரும்பாலும் பள்ளி வாத்தியார் சந்திரமோகன் சார் கையில். இந்தத் தீவுகளில் மருந்து, ஜாதகம், பிள்ளைகளின் சான்றிதழ், உயிருள்ள கோழி எல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்கின்றன. யாரும் கூலி கேட்பதில்லை. உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. நம்பிக்கையை மட்டும் வைத்துத் தொழில் நடத்த முடியாது என்று சொல்லி ஒரு பெட்டி வரைந்தீர்கள். நீல நிறம், மேலே மீன் படம், முன்னால் பூட்டு. ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று குருநாதன் அண்ணனிடம். தூக்கிக்கொண்டு போகிறவரிடம் சாவி கிடையாது.

முதல் தடவை சந்திரமோகன் சார் மறுபேச்சுப் பேசாமல் தூக்கிப் போனார். போர்ட் பிளேர் கப்பல் ஜெட்டியில் சாமான் சோதிக்கிறவர், "மாஸ்டர்ஜி, அந்தர் க்யா ஹை?" என்று உள்ளே இருப்பதைக் கேட்டிருக்கிறார். ஊறுகாய் என்று சார் சொல்ல, திறந்து காட்டுங்கள் என்றாராம். சாரால் திறக்க முடியவில்லை. தன்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பார்த்துக்கொண்டே போக, குருநாதன் அண்ணன் சாவியோடு வந்து சேரும்வரை அந்த மனிதர் மீன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த தடவை பெட்டியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"பூட்டிட்டு என் கையிலயே குடுக்குறியேம்மா," என்றார். "நான் எடுத்துத் தின்னுருவேன்னா? இத்தன வருஷத்துல கூடையில ஒரு பாட்டில் கொறஞ்சிருக்கா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு நர்ஸ் தொடவில்லை, வனத்துறைக்காரர் தொடவில்லை, வாரம் தவறாமல் மாமியார் வீட்டுக்குப் போகிறவரும் தொடவில்லை. கப்பல் வருகிறது, போகிறது, பெட்டி எங்கள் ஊர் ஜெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் பூனை படுக்கிறது. சரக்கு வராவிட்டால் அந்த அலமாரியில் மெயின்லேண்ட் நூடுல்ஸை அடுக்கிவிடுவேன் என்று குருநாதன் அண்ணன் சொல்லிவிட்டார். மீன் வாங்குவதை நிறுத்தினோம். கூடத்தை மூடினோம். சரசு அக்கா கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், சுனாமியில் வீட்டையும் வீட்டுக்காரரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர், உங்களுக்குத் தெரியும். அவருடைய அடுப்பு எரிவது இந்தக் கூடத்தை நம்பித்தான். "அங்க தண்ணி தொரத்துச்சு, இங்க பெட்டி தொரத்துது. இனி எந்தத் தீவுக்குப் போக?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். முகாமில் நீங்கள் வரைந்த படத்தில் செய்கிறவருக்கு ஒரு வட்டம், விற்கிறவருக்கு ஒரு வட்டம், வாங்குகிறவருக்குப் பெரிய வட்டம். காசு வாங்காமல் சுமக்கிறவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. காசு வாங்காதவனை உங்கள் படிப்பு திருடன் என்றுதான் நினைக்குமா?

ஆகவே அடுத்த கப்பலில் வாருங்கள். சந்திரமோகன் சாரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பெட்டியை நீங்களே தூக்குங்கள். முதுகுவலி என்று சொல்லாதீர்கள். அம்மா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். அத்தைக்கு என் வணக்கம். பெரியவர் என்ற முறையில் உங்கள் ஆசியையும் வேண்டுகிறேன், அதையாவது பூட்டாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திவ்யா

பி.கு.: முதல் வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். கூடத்தைத் திறந்துவிட்டோம். இன்று காலை சரசு அக்கா மீன் கத்தியால் பூட்டை நெம்பி எறிந்தார், மூடியையும் கழற்றினார், உள்ளே புதுப் பாட்டில்களை அடுக்கிப் பழைய துப்பட்டாவைப் போட்டார். சார் துப்பட்டாவை விலக்கிப் பார்த்துவிட்டு, "கூடைய விட இது தூக்க வாட்டமா இருக்கே" என்று வாங்கிக்கொண்டார். கைப்பிடி அருமையாம், உங்களிடம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது, ஒட்டாமல். வழியில் யாராவது படித்திருந்தால் அவர்களுடைய விசாரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை மடிக்கும்போது அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பெட்டி மாபெரும் வெற்றி என்று நீங்கள் சொன்னீர்களாம். எல்லாத் தீவுகளுக்கும் அனுப்பப்போகிறார்களாம், இன்னும் பெரிய பூட்டோடு. மாமா, உடனே அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்குப் பதில் எழுதுங்கள். கட்டைவிரல் வேண்டாம்.