ஹலோவும் எதிர் வீட்டு சரோஜாவும்

ஒரே ஒரு சொல்லைப் பக்கத்து லேப்டாப்புக்கு அனுப்ப ஒரு வாரம் தூங்காமல் தவித்தவன், உலகத்திலேயே எங்கள் ஹலோ ஒருத்தனாகத்தான் இருப்பான். நூம்பலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம். ஒரு லேப்டாப்பில் 'ஹலோ' என்று தட்டுவான். இன்னொன்றை முறைத்துக்கொண்டு உட்காருவான். அதில் ஒன்றும் வராது. அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

"ரெண்டும் பக்கத்துலதானே கீது நைனா? எட்டி சொல்லிடேன்" என்றேன்.

"கனெக்‌ஷன் கெடைச்சிட்டு ஆச்சி. வார்த்தைதான் போய்ச் சேர மாட்டேங்கு. திங்கக்கெழம ஆபீஸ்ல காட்டலைன்னா என் வேலை காலி."

அவனுக்கு ஒரு வழக்கம். சிக்கல் வந்தால் யாரையாவது உட்காரவைத்து, ஜாவா என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் தான் எழுதியதை வரிவரியாக வாய்விட்டு விளக்குவான். விளக்கும்போதே தப்பு தெரிந்துவிடுமாம். கேட்பவருக்குப் புரிய வேண்டாம், குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். அதற்கு யாரைப் பிடித்தான்? என் மீன் குழம்பைத் தின்றுவிட்டு, எதிர் வீட்டு சரோஜாவை!

எனக்கு வயிறு எரிந்தது. சரோஜா பூ கட்டிக்கொண்டே தலையாட்டுவாள். அவள் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

"ஏன்டா, நான் கேக்க மாட்டனா? அவளுக்கு இன்னா தெரியும்?"

"நீங்க வாய மூட மாட்டீங்களே ஆச்சி."

"உனுக்கு ஏன்க்கா காந்துது?" என்று சிரித்தாள் சரோஜா.

ஞாயிற்றுக்கிழமை அவள் கரையான்சாவடிக்கு மகள் வீட்டுக்குப் போனாள். நான் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு அவன் எதிரே போய் உட்கார்ந்து, 'சொல்லு' என்று கையைக் காட்டினேன். வேறு ஆள் இல்லாததால் ஆரம்பித்தான்.

"இந்தப் பக்கம் அனுப்புது. அந்தப் பக்கம், ஒரு வரி முழுசா வரட்டும்னு காத்திருக்கு. வரி முடிஞ்சதும்..." அப்படியே நின்றான். "ஆச்சி! வரி முடிஞ்சிட்டுன்னு நான் சொல்லவே இல்ல! முடிவுக் குறிய அனுப்பல. இன்னும் வரும், இன்னும் வரும்னு அது காத்துக்கிட்டே கெடக்கு!"

எதையோ தட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது. அவன் குதித்த குதியில் சொல் வந்து சேர்ந்தது தெரிந்தது. சரோஜா திரும்பி வரும்வரை நான் தெருமுனையிலேயே நின்றேன், முதல் ஆளாகச் சொல்ல.

இப்போது அவன் பெங்களூரில். ஞாயிறு தவறாமல் எங்கள் இருவருக்கும் போன் செய்கிறான். "நல்லா கீறியா? சரி, வெச்சிடறேன்" என்று சரோஜா முடித்துவிடுகிறாள், அசடு. நான் முடிப்பதில்லை. குழம்பில் தொடங்கி, கொசு, மருமகள், பஸ் என்று இழுத்துக்கொண்டே போவேன். வரி முடியும்வரை அவன் காத்திருப்பான்.