மீட்டரை விழுங்கிய கொடி

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைக் கடிதம் முடிந்தபிறகு விசாரிக்கிறேன். இப்போது விசாரித்தால் அதில் உண்மை இருக்காது.

இரண்டு வருஷம் முன்னால் வந்தபோது தீப்பெட்டிக்குள் ஏழு விதை வைத்து, "ஊதாப்பூ கொத்துக்கொத்தாத் தொங்கும் அத்தான், சும்மா கெடக்கிற கைக்கு ஒரு வேலை" என்று கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். ஒரு மீட்டரைக்கூடப் பார்க்காமல் விட்டதில்லை. நாய் கடித்த வீட்டிலும், நாய் காலை விடுவதற்குள் ரீடிங்கை எழுதி முடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு மிச்சமிருந்தது சொந்த வீட்டு மீட்டர் ஒன்றுதான். தினம் காலை ஆறு மணிக்கு அதன் முன்னால் போய் நிற்பேன். இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாமே என்று விதையையும் அதன் காலடியிலேயே ஊன்றினேன்.

முளைத்ததும் தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. பழைய நோட்டை எடுத்து, முந்தைய ரீடிங், இன்றைய ரீடிங், வித்தியாசம் என்று கட்டம் போட்டுக் கொடியின் நீளத்தை எழுத ஆரம்பித்தேன். முதலில் நாளுக்கு நாலு விரற்கடை, அப்புறம் ஒரு சாண். வித்தியாசம் ஏற ஏற எனக்குத் தலைகால் புரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன், ஏறுவதற்குக் கயிறு கட்டினேன். அந்தக் கயிற்றை மீட்டர் பெட்டியில்தான் கட்டினேன் என்பதை உன் அக்கா தினம் இரண்டு வேளை ஞாபகப்படுத்துகிறாள். முதல் வருஷம் பூத்தது, காய்த்தது, தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது. இரண்டாவது மழை முடிந்து ஒருநாள் காலை போய் நின்றால் கொடி இருக்கிறது, மீட்டரைக் காணோம். தோள்வரை கையை விட்டேன். பெட்டி விரலில் தட்டுப்பட்டது, எண் கண்ணில் படவில்லை. ஓணான் ஒன்று மட்டும் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

துணி காயப்போடும் கம்பியில் கிடந்த என் சட்டைக்குள்ளும் கொடி புகுந்து, ஒரு கை வழியாக வெளியே வந்திருந்தது. நாற்றுப்பண்ணைக்காரரைக் கூட்டிவந்தேன். மனுஷன் வாசலைத் தாண்டவே இல்லை. "அழகுக்குன்னு வைக்கிற கொடிதான் சார். அவரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். ஆனா அவரைக்கு ஒரு பந்தல் போதும், இதுக்கு ஊரே பத்தாது" என்றார். வெட்டலாம் என்று கத்தரியை எடுத்தால் உன் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "கல்யாணமான நாள்ல இருந்து நீங்க கைவச்சு உருப்பட்டது இது ஒண்ணுதான்" என்றாள். கத்தரியை மறுபடி ஆணியில் மாட்டினேன்.

நேற்று என் இடத்துக்கு வந்திருக்கும் புது ரீடர் வந்தாள், நான் தொழில் பழக்கிவிட்ட பெண். "மன்னிச்சுக்கங்க சார்" என்று சொல்லிக்கொண்டே என் கதவில் மஞ்சள் சீட்டை ஒட்டினாள்: மீட்டரை அணுக இயலவில்லை, ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். மச்சான், அந்த வாசகமே நான் எழுதிக் கொடுத்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படிக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷத்துப் பேர் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அரிவாளோடு வந்து, கொடுத்ததை நீயே வெட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். உன் அக்காவைச் சமாளிப்பதும் உன் பொறுப்பு. இனி நீ இந்த வீட்டுக்கு வந்தால் சட்டைப்பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரமுடியும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி முழுசாக. உனக்கு, வேலை முடிந்த பிறகு.

இருட்டை எதிர்பார்த்திருக்கும்
உன் அத்தான்

பி.கு.: வராதே. கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். முதல் வருஷத்துக் காயை உன் அக்கா தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறாள், "மீட்டர்கிட்ட ஊனுங்க, அங்கதான் நல்லா வருது" என்ற யோசனையோடு. பதினெட்டு மீட்டரைக் காணோமாம். "எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தொட உங்களால மட்டும்தான் சார் முடியும், ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்றாள். சரியான இடத்தில் உள்ளங்கை அகலம் கத்தரித்தால் எண் தெரியும். அந்த அளவுக்கு உன் அக்காவும் சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன். பக்கத்துத் தெருவில் மீட்டரெல்லாம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. உன்னிடம் விதை மிச்சமிருந்தால் இன்னொரு தீப்பெட்டியில் போட்டு உடனே அனுப்பு.