முன்னாடி கேமரா எதுக்கு?

இந்தக் கதையில் ஒரு இடத்தில் நீங்கள் சிரித்தே ஆக வேண்டும். எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவே பன்னிரண்டு நாள் காத்திருந்தார். நீங்கள் ஐந்து நிமிடம் காத்திருக்கக் கூடாதா? முதலில் தையல் மெஷினைப் பற்றிப் பேசுவோம். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா தையல்காரி. சட்டை, பாவாடை தைப்பதில்லை. மருத்துவமனைக் கோட்டு மட்டும்தான். ஊரில் எந்த டாக்டர் வெள்ளையாகத் தெரிந்தாலும் அதில் பாதி வெள்ளை அம்மாவுடையது. சித்திக்குக் குழந்தை பிறந்ததும் பன்னிரண்டு நாள் துணைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவுக்கு நாலு கட்டளை போட்டாள்.

"கேஸை மூடுங்க. துணியைக் காயப் போடுங்க. செடிக்குத் தண்ணி ஊத்துங்க. மெஷின்ல மட்டும் கை வெக்காதீங்க. நான் திரும்பி வந்த மூணாம் நாள் பல் ஆஸ்பத்திரிக்கு இருபது கோட்டு குடுத்தாகணும். ரெண்டு வருஷமா நடையா நடந்து வாங்கின ஆர்டர்."

"நான் எதுக்கு மெஷின்ல கை வெக்கப் போறேன்?"

வைத்தார். அம்மா போன வண்டி தெருமுனைகூடத் திரும்பியிருக்காது.

"உங்கம்மா மெஷின் கிரீச் கிரீச்னு கத்துதே, கவனிச்சியா? அவ வர்றப்ப வெண்ணெய் மாதிரி ஓடணும். அசந்து போயிடணும்!"

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடிக் காம்பில் எறும்புத்தலை அளவுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்குமே, அதைக் கழட்டி மாட்டுவதில் கில்லாடி. கடை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். மத்தியானத்துக்குள் மெஷின், சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளில் நாற்பத்து மூன்று துண்டாகக் கிடந்தது. எண்ணினது நான்.

"அப்பா, கழட்டின வரிசையை எழுதி வெச்சியா?"

"எதுக்கு? எல்லாம் மண்டையில இருக்கு."

சாயங்காலம் மண்டையில் தேடிப் பார்த்தார். அங்கே முடிகூட இல்லை.

ஏழு மணிக்கு டேப்லெட் அலறியது. அம்மாவின் வீடியோ கால். மற்றவர்களுக்கு வீடியோ கால் என்றால் பேச்சு. அம்மாவுக்கு அது சோதனை. மேஜை தெரியக் கூடாது என்று அப்பா ஓடிப்போய் சோபாவில், சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"என்னங்க, பின்னாடி வெறும் சுவரா இருக்கு?"

"சுவரை நமக்குப் பிடிக்கும்ல."

"நாளைக்கு டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு வீட்டை ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. பாக்கணும்போல இருக்கு."

"வீட்டையா, என்னையா?"

"உங்களை இருபது வருஷமா பாத்தாச்சு."

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எழுந்தவர் ஒரு தத்துவத்தோடு எழுந்தார். கையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

"ரேடியோ, இங்க வா." நான்தான் ரேடியோ. எந்தக் குரலை ஒரு தடவை கேட்டாலும் திருப்பி ஒலிபரப்புவதால் வீட்டில் அந்தப் பெயர். "ஒரு கேள்வி கேக்கறேன். இந்த டேப்லெட்டுக்கு, போனுக்கெல்லாம் முன்னாடி கேமரா எதுக்கு?"

"வீடியோ கால் பேச."

"பேசறதுக்கு வாய் போதும், கேக்கறதுக்குக் காது போதும். நடுவுல கேமராவுக்கு என்ன வேலை? வீடியோ கால்ல யாராவது எதிராளியைப் பாக்கறாங்களா? எல்லாரும் அந்த மேல்மூலைக் குட்டிப் பெட்டியில தன் மூஞ்சியைத்தானே பாத்துக்கறாங்க! மூஞ்சி பாக்கணும்னா கண்ணாடி இருக்கு. கண்ணாடிக் கடைக்காரன் சொல்றேன், கேட்டுக்க. முன்கேமராங்கிறது குடும்பத்துக்குள்ள வெச்ச வேவுக்காரன்!"

"வேவுக்காரன்!" என்றேன் அதே குரலில், அதே தொண்டைச் செருமலோடு.

"என்னை மாதிரியே பேசாதே. எனக்கே பயமா இருக்கு."

டேப்பை ஒட்டினார். அப்பா எதையும் தாராளமாகச் செய்பவர். உளுந்தளவு கேமராவுக்கு ஒரு சாண் டேப். மேல் ஓரம் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. முன்கேமராவும் மறைந்தது. அதோடு அந்தக் குட்டிப் பெட்டி வருகிற மூலையும் மறைந்தது. "இனி என் மூஞ்சியையும் நான் பாக்க வேண்டியதில்லை" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அந்த மூலையை மட்டும் விட்டு வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சிரிப்பு இன்னும் வரவில்லையா? பொறுங்கள். ஏழு மணி ஆகட்டும்.

"என்னங்க, இங்க ஒரே இருட்டா தெரியுது?"

"முன்னாடி கேமரா போச்சும்மா. வயசாயிடுச்சு."

"வாங்கி எட்டு மாசம்தானே ஆச்சு?"

"இந்த மெஷி... இந்த டேப்லெட்டுக்கெல்லாம் வயசு சீக்கிரம் ஆகும்."

அம்மா மூன்று வினாடி பேசவில்லை. அம்மா மூன்று வினாடி பேசாமல் இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள். அப்பா சோபாவிலேயே இருந்தார்.

"சரி, பரவால்ல விடுங்க. ஆனா குரல் கரகரன்னு வருதே. கீழ பாருங்க, ரெண்டு அம்பு ஒண்ணையொண்ணு துரத்தற மாதிரி ஒரு பட்டன் இருக்கா?"

"இருக்கு."

"அதை ஒரு தட்டு தட்டுங்க. தெளிவாயிடும்."

தட்டினார். "ஹலோ, ஹலோ. இப்ப?"

நான் அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். திரையில் அம்மாவின் கண் மெல்ல மெல்லப் பெரிதானது. பிறகு பக்கத்தில் கிடந்த குழந்தைத் துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெளிவாயிடுச்சுங்க," என்றாள் துணிக்குள்ளிருந்து. "எல்லாமே ரொம்பத் தெளிவாயிடுச்சு."

அது குரலுக்கான பட்டன் இல்லை. முன்கண்ணை மூடிப் பின்கண்ணைத் திறக்கிற பட்டன். அப்பா சுவருக்கு முதுகைக் கொடுத்து, மேஜையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டேப்லெட்டின் முதுகும் மேஜையைப் பார்த்திருந்தது. அதாவது அப்பா என்னவெல்லாம் பார்க்கிறாரோ, அதையெல்லாம் அம்மாவும் பார்க்கிறாள். நாற்பத்து மூன்று துண்டையும்.

நீ சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே கதை முடிந்திருக்கும். உங்களுக்கு யார் சிரிப்பு காட்டுவது?

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. டேப்லெட்டைத் தாம்பாளம்போல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தபடியே பேசுவார்.

"வீடெல்லாம் பளிச்சுனு இருக்கும்மா. இப்பதான் பெருக்கினேன்."

"அப்படியா? ஈரத்துண்டை நாற்காலி மேல போடலையே?"

அப்பா நின்றார். நாற்காலியில் ஈரத்துண்டு. "போடலையே," என்று அதை உருவி மேஜைக்கு அடியில் எறிந்தார்.

"மேஜைக்கு அடியில போட்டா பூஞ்சை பிடிக்குங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். கண்ணாலதான் பாக்கணுமா?"

சமையலறைக்குப் போனார். "பாத்திரம் எல்லாம் கழுவியாச்சு."

"அந்தக் கரிப்பிடிச்ச சட்டியுமா?"

மறுநாள் கடையில் முதலாளியிடம் அப்பா சொன்னதை, பேருந்துக் காசு வாங்கப் போன நான் காதால் கேட்டேன். "சார், எத்தனையோ பேர் கண்ணுக்கு நாம கண்ணாடி போட்டிருக்கோம். ஆனா என் வீட்டுக்காரிக்கு மூணாவது கண் இருக்கு சார். நம்பர் போட முடியாத கண்ணு."

ஐந்தாம் நாள் அம்மா புதிதாக ஒன்று ஆரம்பித்தாள்.

"என்னங்க, மெஷின் ரொம்ப நாள் சும்மா கிடந்தா இறுகிடும். ஒரு நிமிஷம் மிதிச்சு விடுங்க. சத்தம் மட்டும் கேட்டா போதும் எனக்கு."

அப்பாவின் முகம் சுண்ணாம்பு ஆனது. என்னைப் பார்த்தார். கண்ணால் மெஷினைக் காட்டினார். கண்ணால் என் வாயைக் காட்டினார். கையைக் கூப்பினார்.

நான் மேஜை முன்னால் போய் உட்கார்ந்தேன். டேப்லெட்டின் பின்கண் நேராக என்னைப் பார்த்தது. அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"டக... டக... டகடகடகடகடக..."

"ஆகா! வெண்ணெய் மாதிரி ஓடுதே," என்றாள் அம்மா. "முன்ன கிரீச்னு ஒரு சத்தம் வருமே?"

"கிரீச்," என்றேன்.

"நூல் அறுந்தா?"

"டகடகடக... டொப்."

"மெஷினுக்கு மூச்சு வாங்குதுங்க. பாவம், தண்ணி குடுங்க," என்றாள் அம்மா. உடனே அந்தப் பக்கம் பெரிய இருமல். குழந்தை அழுதது. சித்தி எதையோ கீழே போட்டாள். அப்பா வேர்வையைத் துடைத்தபடி, "உங்கம்மாவை எப்படி ஏமாத்தினோம் பாத்தியா?" என்றார்.

ஏழாம் நாள்வரை அப்பா துண்டுகளை மாட்டினார், கழட்டினார், திரும்ப மாட்டினார். மெஷின் உருவத்துக்கு வந்தால் சக்கரம் சுற்றாது. சக்கரம் சுற்றினால் நாலு துண்டு மிச்சமிருக்கும். அன்று மாலை மேஜையருகே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"மெஷினை ஆள் வெச்சுக்கூட சரி பண்ணிடலாம். ஆனா அவனுக்குப் பத்து நாள் வேணுமாம். அந்த ஆர்டர் போச்சுன்னா உங்கம்மா என்னைத் திட்ட மாட்டா, ரேடியோ. ஒண்ணுமே சொல்ல மாட்டா. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். டேப்லெட் அலறியது.

"என்னங்க, இங்க ஒரு கூத்து. தங்கச்சி தையல் மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டா. அதே நம்ம மெஷின் மாதிரிதான். நான் அவளுக்குச் சொல்லிச் சொல்லி மாட்டப் போறேன். சத்தமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க."

சித்திக்குப் பட்டன் தைக்கக்கூட வராது. அவள் வீட்டில் இருப்பது ஊசி ஒன்று, அதுவும் ஊக்கு. ஆனால் அப்பாவின் முகத்தில் தீபம் ஏற்றினாற்போல் ஒரு வெளிச்சம்.

"ரேடியோ, டேப்லெட்டை நீ பிடி. அம்மா முகத்துக்கு நேரா நின்னு உம் கொட்டு. நான் காதால கேட்டுக்கிட்டே வேலையைப் பாக்கறேன்," என்று கிசுகிசுத்தார்.

எதிரே நின்று, அவர் கைக்கு நேராகப் பின்கண்ணைச் சாய்த்துப் பிடித்தேன். குனிந்த உச்சந்தலையும் பத்து விரலும் அழகாகத் தெரியும்.

"முதல்ல அந்தப் பெரிய ஸ்பிரிங்கை எடுடி. அதில்ல. அது சின்னது. இடது கையில இருக்கே, அது!"

அப்பா இடது கையைப் பார்த்தார். "எனக்கா சொன்னே?"

"தங்கச்சிக்குங்க. ம், இப்ப அந்தப் பிறை மாதிரி இருக்கிறதை எடு. வாய் உன் பக்கம் பாக்கட்டும். மெதுவா, மெதுவா! ஸ்க்ரூவை அப்படி முறுக்கினா கழுத்து திருகிடும்!"

அப்பா முறுக்குவதை நிறுத்தினார். "சித்தியும் நானும் ஒரே தப்பைப் பண்றோம் பாரேன்," என்று அதிசயப்பட்டார்.

நான்கு நாள் இப்படியே. தினமும் ஏழிலிருந்து எட்டு வரை. பதினோராம் நாள் நாற்பத்திரண்டு துண்டு ஏறிவிட்டது. நாற்பத்து மூன்றாவதைக் காணோம்.

"சோபா காலுக்கு அடியில உருண்டிருக்கும் பாருடி," என்றாள் அம்மா அங்கே யாருக்கோ.

அப்பா சும்மா ஒரு நப்பாசையில் எங்கள் வீட்டுச் சோபாவுக்கு அடியில் கைவிட்டார். கிடைத்தது! "ஒரே மெஷின், ஒரே மாதிரி தொலையுது!" என்று தரையில் படுத்தபடியே கூவினார். பிறகு எழுந்து மாட்டி, பெடலை மிதித்தார். டகடகடகடக. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. கிரீச் இல்லை. நிஜமாகவே வெண்ணெய்.

பன்னிரண்டாம் நாள். விடிந்தால் அம்மா வருகிறாள். அப்பா சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, டேப்லெட்டைப் பிடித்தார். எதிரே துடைத்த மேஜை. ஜன்னலோரம் மெஷின் பளபளவென்று. வெற்றி தலைக்கேறியவர் சும்மா இருப்பாரா?

"ஏம்மா, ஒண்ணு கவனிச்சியா? பன்னெண்டு நாள்ல பதினொரு நாள் முன்னாடி கேமரா இல்லாமலே ஓட்டிட்டோம். ஏதாவது குறைஞ்சுதா? நான் அப்பவே ரேடியோகிட்ட சொன்னேன், போனுக்கு முன்கேமரா வெட்டி வேலைன்னு. நீ என்ன சொல்றே?"

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க," என்றாள் அம்மா. "முன்னாடி கேமரா எதுக்கு? எனக்குப் பின்னாடி இருந்ததே தாராளமாப் போதும்."

"அதான் நானும்..."

அப்பா நிறுத்தினார். டேப்பைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைப் பார்த்தேன். பிறகு மிக மெதுவாக, வெடிகுண்டைத் திருப்புகிறவர்போல், டேப்லெட்டைத் திருப்பி அதன் முதுகை உற்றுப் பார்த்தார்.

"அப்பாடா! பதினோரு நாளா வெறும் கையும் உச்சந்தலையும்தான் தெரிஞ்சுது," என்றது டேப்லெட். "இப்பத்தான் உங்க முகத்தைப் பாக்கறேன். மொதல்ல எழுந்து போய் ஷேவ் பண்ணுங்க!"