செயின்ட் ஒடீல் பேட்டை பாதுகாக்கப்பட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு எடுத்த மிகப் பெரிய முடிவு, எங்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் செயின்ட் ஒடீல் பேட்டையில், ஒரு சனிக்கிழமை ஓட்டெடுப்பில் எடுக்கப்பட்டது. பேட்டையைக் காவல் கார் ஒன்று சுற்றி வருவதற்காக ஒவ்வொரு வீடும் சொத்து வரியோடு சேர்த்து ஒரு கட்டணம் கட்ட வேண்டும் என்பதே அந்த முடிவு. மாளிகைக்கும் அதே கட்டணம், மழைக்கு ஒழுகும் வீட்டுக்கும் அதே கட்டணம். சமத்துவம் என்றால் சும்மாவா! பேட்டைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுதும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

இதற்கெல்லாம் மூல காரணம் எங்கள் சங்கத் தலைவி மிஸ் மெரிடித். பேட்டைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. "இந்த ஊர் இசைக்காகவே இங்கே குடி வந்தேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். அவர் வீட்டு வாசல் கேமரா தெருவில் போகும் பூனையைக்கூட விடாது. அதில்தான் ஒருநாள் "அந்த ஆசாமி" சிக்கினான். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் நீளமான கறுப்புப் பெட்டி. தோலும் அதே நிறம்தான். அதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பண்பாடு உள்ளவர்கள் நாங்கள்.

படம் துண்டறிக்கையாகி வீடு வீடாகப் போனது. "நாளை இவன் உங்கள் வாசலுக்கும் வரலாம்! எந்தப் பொருளையும் வெளியே வைக்காதீர்கள்! கட்டணத்துக்கு ஆதரவாக ஓட்டளியுங்கள்!"

மிஸ் மெரிடித் வீட்டுக் கூடத்தில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கேக்கும் காபியும் முடிந்து, எல்லோரும் தெம்பாகப் பயப்பட ஆரம்பித்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து தியோஃபில் நார்சிஸ் எழுந்தார். எழுபது வயதுக்காரர்.

"மிஸ் மெரிடித், இந்தப் படத்துல இருக்கறது நான்தாம்மா."

"நீங்களா, மிஸ்டர் நார்சிஸ்?"

"நானேதான். கையில இருக்கறது நான் ஊதற ட்ராம்போன். எழவுக்கு வாசிக்கப் போயிட்டிருந்தேன். உங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் பொறந்தேன், அங்கதான் இன்னும் இருக்கேன். நீங்க குடி வந்தன்னிக்கு செவப்பு பீன்ஸும் சோறும் கொண்டாந்து குடுத்தேனே கண்ணு, மறந்துட்டீங்களா?"

"பீன்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் மிஸ் மெரிடித், பதவிக்குரிய கண்ணியத்தோடு. "ஆனா பாருங்க, படத்துல இருக்கறது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் காவல் வேணும்ங்கறோம்."

"காவக்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியுமாம்?"

"உங்கள நிறுத்திக் கேப்பாரு."

"என் தெருவுல என்னையே நிறுத்திக் கேக்கறதுக்கு நானே துட்டு கட்டணுமா?"

"எல்லாரும்தானே கட்டறோம்!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் பிடித்தது. படத்தையாவது மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். அச்சடித்தாகிவிட்டதால் அவர் ஆபத்தானவர்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

நார்சிஸிடம் கார் கிடையாது. எந்தச் சாவு ஊர்வலமானாலும் நடந்தே போய் நடந்தே திரும்புகிறவர். வாசற்படியில் நின்று என்னிடம் சொன்னார்: "தெருவுல நடக்க விட்டாத்தான் என் பொழப்பு ஓடும். வேற எனக்கு என்ன தெரியும்? நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். சொல்லிட்டேன்."

சொன்னபடி வரவும் செய்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை பேட்டையின் பழைய டிரம் வாத்தியக்காரர் ஒருவருக்கு அடக்கம். ஊர் வழக்கப்படி வாத்தியக்காரர்கள் எல்லோரும் சவத்தோடு நடந்தார்கள், பழைய குடிகள் பின்னால் ஆடிக்கொண்டே போனார்கள். மீதிப் பேர் டிவியில் கால்பந்து பார்த்தார்கள். ஜனநாயகத்தைச் சுமக்கும் பொறுப்பு, வாசலில் கேமரா வைத்திருப்பவர்கள் தலையில் விழுந்தது. மயானத்திலிருந்து நேராக நார்சிஸ் ஓட்டுச்சாவடிக்கு வந்தபோது சாத்துகிற நேரம். பள்ளிக்கூட வாசலில் காவலாள் மறித்தான்.

"பெட்டிய வெளிய வெச்சுட்டு உள்ள போங்க சார்."

"தொறந்து காட்டறேன், பாத்துக்கோ."

"தொறக்கவும் கூடாது. ரூல்ஸு."

"வெளிய வெச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட மாட்டானா?"

"இங்க யாரு சார் திருடப் போறா? இது ரொம்ப நல்ல ஏரியா."

"அப்பறம் எதுக்குடா இந்த ஓட்டு?"

காவலாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். யோசித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். உள்ளே எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கட்டணம் வென்றது.

மஞ்சள் விளக்கோடு காவல் கார் வந்தது. நார்சிஸ் எழவுக்குப் போகும்போது ஒரு தரம் நிறுத்தினார்கள், வரும்போது ஒரு தரம் நிறுத்தினார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், ட்ராம்போனை வாசித்துக் காட்டச் சொன்னார்கள், நன்றாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார்கள். மறுநாள் வேறு காவலாள், மறுபடியும் முதலிலிருந்து. அடக்கம் இவருக்காகக் காத்திருக்குமா? இரண்டு முறை தாமதமாகப் போனார். மூன்றாவது எழவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நார்சிஸ் வீட்டை விற்றுவிட்டு ஹூஸ்டனில் மகளோடு இருக்கப் போய்விட்டார். கனத்த இதயத்தோடு, நல்ல மலிவாக, அதை வாங்கிக்கொண்டவர் மிஸ் மெரிடித்.

இப்போது அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் முன்பின் பார்த்திராத முகங்கள் பாட்டிலும் கையுமாக வந்து இறங்கி, விடிய விடியக் கத்துகின்றன. காவல் கார் அவர்களுக்கு விளக்கை மினுக்கி வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். வாசலில் பித்தளைப் பலகை ஒன்று மின்னுகிறது: "அசல் ஜாஸ் கலைஞர் வாழ்ந்த இல்லம்."

போன வாரம் அங்கே தங்கியிருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

"அங்கிள், இந்த வீட்டு மியூசிஷியன் இப்ப இருக்காரா?"

"இருக்காரும்மா. ஹூஸ்டன்ல. ரொம்பப் பாதுகாப்பா."

"யார்கிட்டேருந்து?"

"எங்ககிட்டேருந்துதான்."