ஃபில்டர் தண்ணீரிலும் வாழும் உயிரினம்

மைக்ராஸ்கோப் புதிதாகக் கைக்கு வந்தவர் கண்ணில், ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்ட எதுவும் படாது. பார்ப்பதெல்லாம் புது உயிரினம்தான். அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்யாணமாகி பெங்களூர் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்டுக்கு வந்த புதிது. என் கணவர் சுரேஷின் தங்கை ரேவதி, ஏரித் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களை இனம் பிரிக்கும் ஆராய்ச்சியில் இருந்தாள். நானோ சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கும் வேலை. (நாத்தனார் வேலையை நீதான் பார்க்கிறாய் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள்.) ரேவதி முன்னால் எப்படியாவது புத்திசாலியாகத் தெரிய வேண்டும் என்பது அப்போதைய என் வாழ்க்கை லட்சியம்.

அவள் ஹாஸ்டல் மாறும்போது தன் பழைய மைக்ராஸ்கோப்பை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"சும்மா பாத்துட்டிருங்க அண்ணி, பொழுது போவும்" என்று ஒரு புத்தகத்தையும் கொடுத்தாள். கால் உண்டா, ஓடு உண்டா, கண் ஒன்றா இரண்டா என்று கேள்வி கேட்டுக்கொண்டே போய் உயிரினத்தின் பெயரைச் சொல்லிவிடும் புத்தகம்.

பின்புறத்து ஏரியில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்தேன். முதல் சொட்டிலேயே ஒரு டாஃப்னியா. கடுகை விடச் சின்னது, உடம்பு கண்ணாடி. உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது வெளியிலேயே தெரிந்தது. அடுப்பில் வைத்த சாம்பார் அடிபிடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம்தான் 'அது' தென்பட்டது.

மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த, மயிர் போல் கறுத்து வளைந்த கால்கள். அசையாமல் இருக்கும், திடீரென்று ஒரு துடிப்பு, மறுபடி அமைதி. புத்தகத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பெயரும் வரவில்லை. போனில் படம் எடுத்தால் மட்டும் காணாமல் போனது. 'கூச்ச சுபாவம் உள்ளது' என்று குறித்துக்கொண்டேன்.

டெஸ்டிங்காரி ஆயிற்றே, ஒரு சோதனையோடு விடுவேனா? குழாய்த் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். இருந்தது. ஃபில்டர் தண்ணீரிலும் இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத வெறும் கண்ணாடித் துண்டிலும் இருந்தது. இந்த இடத்தில் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது பயம். தண்ணீரே இல்லாமல் பிழைக்கிறதென்றால் எப்பேர்ப்பட்ட ஜந்து.

அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் எச்சரிக்கை போட்டேன். கையால் வரைந்த படத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை. வயதான செக்ரட்டரி மஞ்சுநாத் உடனே டேங்க் வால்வை மூடிவிட்டார். பி பிளாக்கில் ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு நின்றார். கேன் தண்ணீருக்கு லிஃப்டில் சண்டை. சுரேஷ் தங்கைக்கு போன் செய்தார். அவள் மெட்ரோவில் வந்து இறங்குவதற்குள் எங்கள் ஹாலில் பாதி அபார்ட்மெண்ட் கூடியிருந்தது. ஷாம்புக்காரரும் துண்டோடு வந்திருந்தார்.

ரேவதி குனிந்து பார்த்தாள்.

"எங்க அண்ணி? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

நான் பார்த்தேன். "இதோ, ஓரத்துல இருக்கு பாரு. இப்பகூடத் துடிக்குது."

அவள் என் முகத்தருகே குனிந்தாள். "கண்ண எடுக்காதீங்க. ஒரு தடவ சிமிட்டுங்க."

சிமிட்டினேன்.

"துடிச்சுதா?"

"துடிச்சுது."

"ரெண்டு தடவ சிமிட்டுங்க."

இரண்டு தடவை துடித்தது. எனக்கு மெதுவாக விளங்க ஆரம்பித்தது. குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்தால் ஹாலில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அண்ணி," என்றாள் அவள் என் காதருகில், "அது உங்க கண் இமை முடி."

காதருகில் சொன்னதுதான். ஆனால் அந்த ஹாலில் அவ்வளவு அமைதி.

மஞ்சுநாத் மட்டும் முன்னால் வந்து கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "சும்னே நானும் ஒரு தடவ பாக்கட்டா மேடம்?" நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு தெரியுது. ஆனா என்னுது வெள்ளயா இருக்கே" என்றார் கவலையாக.

பிறகு ஒவ்வொருவராக வரிசையில் நின்று அவரவர் இமையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஷாம்புக்காரர் மட்டும் பார்க்க மறுத்துவிட்டார். இன்றுவரை அவர் என்னோடு லிஃப்டில் ஏறுவதில்லை.

எல்லோரும் போனபின் ரேவதி என் படங்களும் குறிப்புகளும் இருந்த நோட்டைப் புரட்டினாள். டாஃப்னியாவில் நின்றாள். "இதயத்தச் சரியான எடத்துல போட்டிருக்கீங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இத வயித்துல போடுவாங்க" என்றாள். அடுத்த ஞாயிறு என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போனாள். அன்றிலிருந்து அநேகமாக எல்லா ஞாயிறும் ஏரிதான். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கவும் பழகிக்கொண்டேன்.

எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவள் ரேவதி. தூங்கும் குழந்தையின் மேல் குனிந்து, ஆராய்ச்சிக்காரியின் பொறுமையோடு இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் போல இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் பக்கத்தில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"சந்தேகமே வேணாம்," என்றாள் ரேவதி நிமிர்ந்து, போனில் எடுத்த இமைப் படத்தை எனக்குக் காட்டி. "அதே இனந்தான். கூச்ச சுபாவம் மட்டும் இல்ல."