பால்பல் நிபுணர்

பால்பல் நிபுணர் என்றோர் இனம் இருக்கிறது. பல் வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டிசம் ஆராய்ச்சிதான் இவர் தொழில். ஆனால் பால்பல் விழுந்த மறுநாளே அந்தக் குழந்தை இவருக்கு அந்நியம். சுவரெங்கும் கொழுகொழு முகங்கள், மேடைக்கு மேடை 'பிஞ்சு', 'மொட்டு', 'தளிர்', கட்டுரைக்குக் கட்டுரை மூன்று வயது, நான்கு வயது, மிஞ்சினால் ஆறு. அப்புறம்? ஆவியாகிவிடுவார்கள் போலிருக்கிறது.

அப்படியொருவரிடம் ஓர் அக்கா தன் தம்பியை அழைத்துப் போனாள். தினமும் அச்சகத்துக்குள் கூடவே வந்து நின்ற அம்மா செத்ததிலிருந்து அவன் அந்த வேலைக்குப் போவதில்லை. தட்டில் போட்டதைத் தொடுவதில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. இவனும் போய்விடுவானோ என்று பயந்துதான் அழைத்துப் போனாள்.

"வாங்க வாங்க! குழந்தை எங்கே?" நிபுணர் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இவன்தான் சார்."

குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க, நரைத்த தாடியோடு ஒருவன். நிபுணரின் சிரிப்பு சுருங்கியது.

"வயசாயிடுச்சேம்மா. பெரியவங்களுக்கு ஆராய்ச்சி இல்லையே."

"ஏன் சார் இல்லை?"

"அவங்களை ஆராய்ச்சியில யாரும் சேர்க்கிறதில்லை."

"ஏன் சேர்க்கிறதில்லை?"

"அதான், ஆராய்ச்சி இல்லையே!"

எப்படி? செக்குமாடு கெட்டது போங்கள்!

தம்பி கையை உதறிக்கொண்டே சுவரைப் பார்த்தான். மரக்கட்டைகளை அடுக்கிவிட்டுச் சிரிக்கும் ஒரு வாண்டின் படம்.

"அது நான்," என்றான்.

நிபுணர் துள்ளி எழுந்தார். "அட, அந்தப் பையனா! என்னோட முதல் ஆராய்ச்சி! இத்தனை வருஷமா எல்லா மேடையிலயும் இந்தப் படம்தாம்மா!"

"அப்புறம் இவன் என்ன ஆனான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா சார்?"

"எப்படி இருந்த பையன்!" என்று உருகினார் நிபுணர். தம்பியிடமல்ல, படத்திடம்.

"எழுந்திருடா, போகலாம்," என்றாள் அக்கா.

பேருந்தில் அவன் முன்னும் பின்னும் ஆடினான், முனகினான். அவள் அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு நானும் அச்சகத்துக்கு வர்றேன்டா."

"வாசல் வரைக்கும்தான் வருவே."

"உள்ளேயும் வர்றேன். மிஷின் பக்கத்துலயே நிக்கறேன்."

வெகுநேரம் ஆடியபின், "சரி," என்றான்.

அதே பேருந்தில், முன்வரிசையில், ஒரு குட்டிப் பெண்ணும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தாள். "என்னடா செல்லம்?" என்று கன்னத்தைக் கிள்ளிய பயணி ஒருவர், திரும்பித் தாடிக்காரனைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார். அவர் ஆராய்ச்சியாளரல்ல; ஆனாலும் அதே இனம்தான். ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் சாயலில் இருந்தார் என்கிறார்கள். நான் நம்பவில்லை.