தள்ளுகம்பிப் பீடை

அந்த ஊரில் கார் வைத்திருந்தவர்கள் அந்த மாதம் பெட்ரோல் போடப் போனதைவிட இன்ஜின் ஞானியைப் பார்க்கப் போனதுதான் அதிகம். கார் இல்லாதவர்களும் போனார்கள். இனிமேல் வாங்கப்போகிற காரின் பீடையை இப்போதே கழித்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம் பாருங்கள்!

ஞானியின் இருப்பிடம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. வரிசை தெருமுனை தாண்டி, தீயணைப்பு நிலையத்து வாசலையும் அடைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, அந்த மாதம் எங்கும் தீப்பிடிக்கவில்லை. அதுவும் ஞானியின் மகிமை என்றார்கள். இன்ஜினை அணைக்காமல் எல்லாரும் காத்திருந்ததால், உள்ளே போவதற்குள் பாதிப் பேருக்கு இருமல் வந்தது. உள்ளே போனதும் இருமல் நின்றது. அதுவும் மகிமைதான்.

ஞானி வெள்ளை ஓவரால் போட்டிருப்பார். அதில் ஒரு துளி எண்ணெய்க்கறை கிடையாது. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும் சீடன் இரண்டு வரிசையாக நிறுத்தவைத்த கார்களுக்கு நடுவே நடப்பார். ஏதாவது ஒரு காரின் மூடிய பானெட்டில் கையை வைப்பார். இன்ஜினை முதலில் அணைத்துவிட வேண்டும். அது நிபந்தனை.

"ஓடும்போது கேக்கிறவன் மெக்கானிக். நிக்கும்போது கேக்கிறவன் ஞானி!" என்பார். கூட்டம் புல்லரித்துப் போகும். பிறகு, "இதுக்கு வயித்துல கேம்!" என்பார், அல்லது "இதுக்குத் தலையில கேம்!" என்பார். வண்டியின் கையேட்டைப் புரட்டினால் அப்படியேதான் இருக்கும்.

கேம் ஒன்றும் பூதமில்லை. இன்ஜினுக்குள் காற்று போக ஒரு கதவு, புகை வெளியே வர ஒரு கதவு. வால்வு என்பார்கள். அந்தக் கதவுகளை வேளை தவறாமல் திறந்துவிடும் புடைப்பு வைத்த தண்டுக்குத்தான் கேம் என்று பெயர். சில வண்டிகளில் அது கீழே, இன்ஜினின் வயிற்றில் குடியிருக்கும்; அங்கிருந்து நீளக் கம்பிகளால் மேலே தள்ளிக் கதவைத் திறக்கும். அந்தக் கம்பிதான் புஷ்ராடு. மற்ற வண்டிகளில் கேமே மாடியேறி, இன்ஜினின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவுதான் சங்கதி. இதோடு விட்டால் ஞானி எப்படிப் பிழைப்பார்?

நம் பல் டாக்டர் அந்த வரிசையில் போய் நின்றதற்குக் காரணம் உண்டு. அவரிடம் வருகிற நோயாளிகள் எல்லாரும் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். "அடுத்த வாரம் வரேன் டாக்டர்" என்பார்கள். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாகும். பல்லைப் பிடுங்குகிறவனிடம் எவன் ஆசையாக ஓடிவருவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர் இல்லையா? பெரிய காரணமாகத் தேடினார்.

"மகனே, வீட்டுல என்ன வண்டி?" என்றார் ஞானி.

"பழைய வண்டிங்க. என் வீட்டம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துறா. அதுக்கு ஓட்டுறது."

டாக்டர் ஓட்டி வந்திருந்த அந்த வண்டியின் பானெட்டில் ஞானி கையை வைத்தார். உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது. "ஐயோ! புஷ்ராடு! புஷ்ராடுன்னா என்ன மகனே?"

"தள்ளுகம்பி."

"அப்புறம் தள்ளாம என்ன பண்ணும்? வர்றவனைத் தள்ளும். வேலையைத் தள்ளும். வீட்டுல கல்யாணம் காச்சின்னா அதையும் தள்ளும்!"

டாக்டருக்கு வியர்த்தது. மகளுக்கு வந்த வரன்கூட தை போய் மாசி ஆகட்டும் என்று தள்ளித்தான் போயிருந்தது. "பரிகாரம்?"

"வண்டியை என் மச்சான்கிட்ட விட்டுடு. மேல கொஞ்சம் போட்டுக் குடுத்தா தலையில கேம் உள்ள வண்டியா மாத்திக் குடுப்பான்." நெற்றியில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து அனுப்பினார். அது கழுவினாலும் போகவில்லை. அதையும் மகிமைக் கணக்கில் சேர்த்தார்கள்.

டாக்டர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது டிரைவிங் டீச்சரம்மா வாழ்க்கையிலேயே முதல்முறையாக சடன் பிரேக் போட்டவர் மாதிரி நின்றார்.

"ஏங்க, அந்த வண்டியிலதானே நான் இந்த ஊருக்கே ஓட்டக் கத்துக்குடுத்தேன்? என் பக்கமும் கிளட்ச், பிரேக் வெச்ச வண்டி அது ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டா ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான்."

"தலையில கேம் இருக்கிறது நவீனமாம்மா. ஞானியே சொல்றாரு."

"நவீனம்தான். யாரு இல்லைன்னா? கீழ் வீட்டுல நின்னுக்கிட்டு நீளக் குச்சியால மாடிக் கதவைத் தட்டுறது ஒண்ணு. மாடிக்கே போய்த் தட்டுறது ஒண்ணு. மாடியில இருக்கிறவன் வேகமாத் தட்டுவான். வண்டி பறக்கும், பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும். ஆனா அவனை மேல சுத்தவைக்க நீளமா செயின் வேணும், இல்லை பெல்ட் வேணும். அது அறுந்தா கதை கந்தல். கீழ நிக்கிறவன் பறக்க மாட்டான். ஆனா அடக்கமா, அதிகம் சாமான் இல்லாம, மெதுவாப் போனாலும் இழுப்பான். கிளட்சை எப்ப விடணும்னே தெரியாத பிள்ளைங்களுக்கு அதுதான் தோது. ரெண்டுக்கும் குணம் இருக்கு, குறை இருக்கு. ராசிதான் இல்லை."

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்!"

"சரி, மச்சான் என்ன வண்டி குடுக்கிறாராம்?"

டாக்டர் செல்போனில் படத்தைக் காட்டினார். நீல வண்டி. கதவில் ஒரு நெளிசல்.

"இது எதிர்வீட்டு வக்கீல் வண்டிங்க! அந்த நெளிசல் என் மாணவன் போட்டது. நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்."

உண்மைதான். வக்கீலுக்குத் தலையில் கேம் உள்ள வண்டி. ஞானி அவர் வண்டியைத் தொட்டுவிட்டு, "தலைக்கு மேல சுத்துதே! அதான் உனக்குத் தலைக்கு மேல வேலை, தலைக்கு மேல கடன், தலைவலி" என்று சொல்லி வயிற்றில் கேம் உள்ள வண்டியாக மாற்றிக் கொடுத்திருந்தார். வக்கீலுக்குத் தள்ளுகம்பி பரிகாரம். டாக்டருக்குத் தள்ளுகம்பி பீடை. நடுவில் மச்சானுக்கு இரண்டு பக்கமும் வரும்படி.

"ஆளுக்கு ஆள் பொருத்தம் மாறும்மா" என்றார் டாக்டர். நம்பிக்கை என்பது அப்படித்தான். ஓட்டை விழுந்தால் அதையே ஜன்னல் என்று சொல்லிக்கொள்ளும்.

"அப்போ இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாசல்ல நின்ன சீடன் நம்ம வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னான்?"

"இடது பக்கம்."

"வக்கீலை?"

டாக்டர் எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். வலது பக்கமாம். வண்டியைப் பார்த்ததுமே சீடன் ரகம் பிரித்து, வயிற்றுக் கேமை இடது பக்கமும் தலைக் கேமை வலது பக்கமும் நிறுத்திவிடுகிறான். ஞானி கண்ணைக் கட்டிக்கொண்டால் என்ன, இடது கை எது வலது கை எது என்று தெரிந்தால் போதுமே. அது தெரியாத ஞானி உலகத்தில் உண்டா?

டாக்டரின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் முழுசாக வாடவில்லை. "தற்செயலா இருக்கும்" என்றார்.

"சரிங்க. வண்டி என் பேர்லதானே இருக்கு, நான் கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஞாயித்துக்கிழமை காலையில ஞானி என் மைதானத்துக்கு வரட்டும். எல்லார் முன்னாடியும் என் வண்டியைத் தொட்டுச் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்கு நடந்தே வந்துடறேன்."

ஞானி சந்தோஷமாகச் சம்மதித்தார். என்ன வண்டி என்பதுதான் அவருக்கு முன்னமே தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சிவப்புக் கூம்புகளுக்கு நடுவே வண்டி நின்றது. 'கற்பவர்' பலகை மாட்டியிருந்தது. மாணவர்கள் ஒரு ஓரமாக, சட்டையெல்லாம் வியர்வையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். எதிரே ஞானியின் கூட்டம், நெற்றியெல்லாம் கிரீஸ். வக்கீலும் வந்திருந்தார். மச்சான் கையில் பத்திரமும் பேனாவும்.

வண்டியின் முகம் வழக்கத்தைவிடச் சற்றே நிமிர்ந்திருந்தது. ஞானி தூரத்திலிருந்தே அதைக் கண்டுகொண்டார்.

"பாத்தீங்களா, தலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது! அகம்பாவம்! தன்னை வெளியேத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச அகம்பாவம்!"

கூட்டம் "ஆ" என்றது. டாக்டரும் "ஆ" என்றார். தொழில் பழக்கம், மற்றவர்களைச் சொல்லச் சொல்வதைத் தானே சொல்லிவிட்டார்.

ஞானி கண்ணைக் கட்டிக்கொண்டு பானெட்டில் இரண்டு கைகளையும் வைத்தார். உடம்பு குலுங்கியது. கண்ணீர் கறுப்புத் துணியையும் மீறி வழிந்தது.

"தள்ளுகம்பி அழுவுது! எட்டுக் கம்பியும் எனக்குக் கேக்குது! ஒண்ணு வளைஞ்சிருக்கு. அதுதான் டாக்டர் தம்பியோட தொழிலைத் தள்ளுது! கேம் வயித்துக்குள்ள புழு மாதிரி நெளியுது!"

"நல்லாக் கேக்குதா சாமி?" என்றார் டீச்சரம்மா.

"காதே வலிக்குதும்மா!"

"ஏங்க, பானெட்டைத் தொறங்க."

டாக்டர் திறந்தார். குனிந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்வதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே கம்பியும் இல்லை, கேமும் இல்லை, வயிறும் இல்லை, தலையும் இல்லை. பிடுங்கின கடைவாய்ப்பல் குழி மாதிரி ஒரு வெற்றிடம். நடுவில் டீச்சரம்மாவின் குடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இன்ஜின் பட்டறையில இருக்கு" என்றார் டீச்சரம்மா. "எண்ணெய் ஒழுகுதுன்னு முந்தாநாள்தான் இறக்கினோம். கனம் போனதுல முன்பக்கம் தூக்கிக்கிச்சு. அகம்பாவம் எல்லாம் இல்லை, ஸ்பிரிங்."

"அப்போ வண்டி எப்படி இங்க வந்துச்சு?" என்றார் வக்கீல், குறுக்கு விசாரணை செய்கிற குரலில்.

ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருத்தி கை தூக்கினாள். "நாங்கதான் சார் தள்ளிக்கிட்டு வந்தோம். தள்ளினதுல எங்களுக்குத் தொழில் ஒண்ணும் கெடலை. முதுகுதான் வலிக்குது."

ஞானி கண்கட்டை அவிழ்த்தார். ஞானி ஆயிற்றே, சளைக்கவில்லை. "உடம்பு போனாலும் ஓசை தங்கும்! இன்ஜினோட ஆவி அங்கதான் இருக்கு. அதுகிட்டதான் நான் பேசினேன்!"

கூட்டம் மறுபடி "ஆ" என்று வாயைத் திறந்தது. விட்டிருந்தால் ஆவிக்கும் பரிகாரம் கேட்டிருக்கும். ஆனால் முன்னால் வந்தவர் நம் டாக்டர். அவருக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரத்தில் ஞானி கை வைத்துவிட்டார்.

"சாமி, நான் இத்தனை வருஷமா பல்லு பிடுங்கறேன். பிடுங்கின பல்லுக்கு அடைப்பு வெச்சுக் காசு வாங்கலாம்னு எனக்குக்கூடத் தோணலை. தோணியிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி கட்டியிருப்பேன். நீங்க இல்லாத இன்ஜினுக்கே வைத்தியம் பாக்கறீங்க. எனக்குக் குருவாகிற தகுதி உங்களுக்குத்தான் இருக்கு!"

முதலில் சிரித்தவர் வக்கீல். சிரித்து முடித்ததும் அவருக்குத் தன் நீல வண்டி நினைவுக்கு வந்தது. "என் வண்டியை நாளைக்குக் காலையில என் வாசல்ல நிறுத்தறியா, கோர்ட்டு வாசல்ல நிறுத்தறியா?" என்று மச்சானின் சட்டையைப் பிடித்தார். வயிற்றுக் கேம்காரர்களும் தலைக் கேம்காரர்களும் ஒருவர் வண்டியை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு மச்சானை நடுவில் வைத்துச் சுற்றினார்கள். கேம்கூட அப்படிச் சுற்றாது. அந்தச் சந்தடியில் வெள்ளை ஓவரால் சுவரேறிக் குதித்தது. அன்றுதான் அதில் முதல் கறை பட்டது.

அடுத்த வாரம் இன்ஜின் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டீச்சரம்மா பழையபடி பாடம் நடத்தினார். டாக்டரின் நோயாளிகள் பழையபடி தேதியைத் தள்ளிப் போட்டார்கள். டாக்டர் ஊசியைச் சற்று வலிக்காமல் போடப் பழகினார். கொஞ்சம் பேர் சொன்ன தேதிக்கு வர ஆரம்பித்தார்கள். நெற்றியில் இருந்த கிரீஸ் மண்ணெண்ணெய் போட்டதும் போய்விட்டது.

ஞானி இப்போது பக்கத்து ஊரில் பேட்டரி வண்டிகளுக்குக் குறி சொல்கிறாராம். வரிசை இங்கிருந்ததைவிட நீளமாம். இங்கே ஏமாந்தவர்களில் சிலர் அங்கேயும் டோக்கன் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி.

கேம் வயிற்றில் இருந்தாலும் வண்டி ஓடும், தலையில் இருந்தாலும் ஓடும். மனிதனுக்கு மூளையை ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறது. அவனும் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டான். உள்ளே இருக்கிறதென்று எவனாவது கைவைத்துச் சொன்னால் நம்பிக்கொள்வான். ஒருதரம் நீங்களே திறந்து பாருங்கள் ஐயா. குடை இருந்தால் வெளியே எடுத்துவிட்டு, இன்ஜினை மாட்டுங்கள்.